ஈரநிலத்துக்கு நிலத்தடி நீர் மாடல் கட்டுவது எப்படி?

சதுப்பு, ஆற்றங்கரைக் காடு, ஊற்று நீரில் வாழும் புல்வெளி போன்ற இடங்களுக்கு நிலத்தடி நீர் மாடல் (நீரோட்டத்தைக் கணினியில் கணக்கிடும் மாதிரி) கட்டும்போது வரும் தவறுகளில் பெரும்பகுதி களத்திலேயே நுழைந்துவிடும். கணினிக்கு முன் உட்காரும்போது அவை கண்ணுக்குத் தெரியாது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் குழாய், மணல், லாகர் (நீர்மட்டத்தைத் தானாகப் பதிவு செய்யும் கருவி) பற்றியதுதான். மென்பொருள் பயன்படுத்தத் தெரிந்தவர்களும் அந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம்.

முதலில் கேள்வியை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். "ஐந்நூறு மீட்டர் தள்ளி ஒரு ஆழ்துளைக் கிணறு ஓடினால், மழையில்லாத மாதங்களில் சதுப்பின் நீர்மட்டம் எவ்வளவு இறங்கும்?" என்பது கேள்வி. "இப்பகுதியின் நீரியலைப் புரிந்துகொள்ளுதல்" என்பது கேள்வி ஆகாது. அதற்கு எத்தனை கிணறு போட்டாலும் போதாது. எங்கே அளப்பது, எத்தனை நாள் அளப்பது, மாடலின் எல்லை எதுவரை என்பதையெல்லாம் கேள்விதான் முடிவு செய்யும்.

கண்காணிப்புக் குழாய் இறக்குதல்

ஆழம் குறைந்த நீர்மட்டத்துக்கு 50 மி.மீ. உள்விட்டமுள்ள பிவிசி குழாயும் 100 மி.மீ. கை ஆகரும் (கையால் சுற்றித் துளையிடும் திருகு) போதும். குழாயின் கீழ்ப்பகுதியில் வடிகட்டி, அதாவது மெல்லிய வெட்டுகள் உள்ள துண்டு இருக்க வேண்டும். கால் மி.மீ. வெட்டு பெரும்பாலான மணலுக்குச் சரிப்படும். வடிகட்டியைச் சுற்றி அரை முதல் ஒரு மி.மீ. வரையான, கழுவிய மணலை நிரப்புங்கள். மணல் வடிகட்டியின் மேல்முனையைத் தாண்டி ஒரு சாண் உயரம் வரட்டும். அதற்கு மேல் குறைந்தது 30 செ.மீ. பென்டோனைட் களிமண் அடைப்பு. அதை விட்டுவிட்டால் மழைநீர் குழாயின் வெளிப்புறத்தை ஒட்டி நேராக இறங்கும். ஒவ்வொரு மழைக்கும் நீர்மட்டம் குதிப்பதாகப் பதிவாகும். அதைப் பார்த்து மாடலில் நீர்ச்செறிவை, அதாவது மழையிலிருந்து நிலத்தடிக்கு இறங்கிச் சேரும் நீரின் அளவை, கூட்டிவிடுவீர்கள். மேல்மூடியில் சிறு காற்றுத்துளை இல்லையென்றால் உள்ளே காற்று அழுத்தம் சிக்கி மட்டம் பொய் சொல்லும்.

இறக்கி முடித்ததும் குழாய்த் தண்ணீரை மேலும் கீழும் அலைத்து, தெளியும்வரை இறைத்து எடுங்கள். ஆகர் சுற்றும்போது துளையின் சுவரில் களிமண் பூசிக்கொள்ளும். அந்தப் பூச்சோடு விட்டால் குழாய் சுற்றுப்புறத்துக்கு மிகத் தாமதமாகவே ஈடுகொடுக்கும்.

ஒரே இடத்தில் இரண்டு குழாய் போடுவது வீண்செலவு போலத் தோன்றும். ஆனால் ஈரநிலத்தில் அதைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை. ஒன்றின் வடிகட்டி நீர்மட்டத்தை ஒட்டியும், மற்றொன்றின் வடிகட்டி மூன்று நான்கு மீட்டர் கீழேயும் இருக்கட்டும். ஆழமான குழாயில் மட்டம் உயர்ந்து நின்றால் நீர் மேல்நோக்கி வருகிறது, சதுப்புக்கு நிலத்தடி நீர்தான் ஆதாரம். தாழ்ந்து நின்றால் சதுப்பிலிருந்து நீர் கீழே கசிகிறது. எவ்வளவு நீளமான வடிகட்டி போட்டாலும் ஒற்றைக் குழாய் இதைச் சொல்லாது. நீளம் கூடக்கூட எல்லா ஆழத்தையும் கலந்து ஒரு சராசரியைத்தான் காட்டும்.

அடுத்தது குழாய் வாயின் உயரம். சரிவு ஆயிரத்துக்கு ஒன்று என்று வையுங்கள். நூறு மீட்டர் இடைவெளியில் உள்ள இரு குழாய்களுக்கிடையே நீர்மட்ட வேறுபாடு 10 செ.மீ.தான். உயர அளவையில் 5 செ.மீ. பிழை வந்தால் சரிவின் அளவு பாதியாகும் அல்லது ஒன்றரை மடங்காகும். பிழை இன்னும் கொஞ்சம் கூடினால் நீர் எதிர்த்திசையில் ஓடுவதாகவே காட்டும். கைபேசி ஜிபிஎஸ் இந்த வேலைக்கு உதவாது. மட்டமானி வைத்து, புறப்பட்ட புள்ளிக்கே திரும்பி வந்து, மூடுபிழை, அதாவது அதே புள்ளியின் உயரம் இரு முறையும் வேறுபடும் அளவு, ஒரு செ.மீ.க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். குழாயின் விளிம்பில் அரத்தால் ஒரு கீறல் போட்டு, எல்லா அளவும் அந்தக் கீறலிலிருந்தே எடுங்கள். மக்கிய தாவரப் படிவு நிறைந்த சதுப்பில் தரையே நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும், குழாயும் கூடவே நகரும். அங்கே ஆண்டுக்கு ஒரு முறையாவது உயரத்தைத் திரும்ப அளக்க வேண்டும். அளக்கப் போகிறவர் குழாயருகே நின்றாலே மட்டம் உயரும் என்பதால் பலகை போட்டு நடப்பது நல்லது.

லாகரும் காற்றழுத்தமும்

சாதாரண லாகர் தன்மேல் உள்ள மொத்த அழுத்தத்தையும் அளக்கிறது, அதில் காற்றும் அடங்கும். கடல்மட்டத்தில் காற்றின் எடை சுமார் 10.3 மீட்டர் தண்ணீருக்குச் சமம். ஒரு ஹெக்டோபாஸ்கல் மாற்றம் கிட்டத்தட்ட ஒரு செ.மீ. தண்ணீர். புயல் சின்னம் கடக்கும்போது 20 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால், திருத்தாத பதிவில் நீர்மட்டம் 20 செ.மீ. விழுந்ததாகத் தெரியும். எனவே காற்றழுத்தத்துக்கென்றே தனி லாகர் ஒன்று வேண்டும்.

அதை எங்கே தொங்கவிடுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வெயில் படும் குழாய்மூடிக்கு அடியில் தொங்கவிட்டால் கருவி பகலில் சூடேறி இரவில் குளிரும். வெப்பத் திருத்தம் எந்தக் கருவியிலும் முழுமையானதல்ல. விளைவாக, நாள்தோறும் ஒரு செ.மீ. அளவில் பொய்யான ஏற்ற இறக்கம் உருவாகும். மரங்கள் நீர் உறிஞ்சுவதால் வரும் உண்மையான தினசரி ஏற்ற இறக்கமும் அதே அளவுதான்! தரைக்கடியில் ஒரு மீட்டராவது புதைத்த, காற்றோட்டமுள்ள வறண்ட குழாய்க்குள் அதைத் தொங்கவிடுங்கள். நீருக்குள் இருக்கும் லாகரும் அதுவும் ஒத்த வெப்பநிலையில் இருந்தால் இந்தத் தொல்லை வராது.

லாகரை நைலான் கயிற்றில் கட்டாதீர்கள், நனைந்து நீளும். துருவேறா எஃகுக் கம்பி போதும். பதிவு இடைவெளி 15 நிமிடம். தரவு இறக்கப் போகும் ஒவ்வொரு முறையும் நாடா மானியால் கையளவும் எடுத்து, நேரத்தோடு குறித்து வையுங்கள். லாகர் எப்போது நழுவத் தொடங்கியது என்பதை அந்தக் குறிப்புதான் பின்னால் காட்டிக்கொடுக்கும்.

நீர் கடத்துதிறன்

மண் எவ்வளவு வேகமாக நீரைக் கடத்துகிறது என்பதே கடத்துதிறன். அதை அளக்க, குழாயிலிருந்து கொஞ்சம் நீரைச் சட்டென்று எடுத்துவிட்டு, மட்டம் மீளும் வேகத்தைப் பதிவு செய்வதே ஸ்லக் சோதனை. இதற்கு மட்டும் லாகரை ஒரு விநாடி இடைவெளிக்கு மாற்றிவிடுங்கள். வடிகட்டி நீர்மட்டத்தை ஒட்டி இருந்தால் நீரை ஊற்றிச் சோதிக்கக் கூடாது. ஊற்றிய நீர் மேலே உலர்ந்திருக்கும் நிரப்பு மணலுக்குள் பாய்ந்து, மண் உண்மையைவிட வேகமாகக் கடத்துவதாகக் காட்டும்.

வோர்ஸ்லெவ் என்ற பொறியாளர் 1951இல் தந்த சூத்திரம் ஒரு கைக்கணக்கில் முடியும். முதல் இறக்கத்தில் 37 சதவீதம் மட்டும் மிச்சம் இருக்கும் நேரத்தைப் படத்திலிருந்து எடுங்கள். குழாயின் உள் ஆரத்தின் வர்க்கத்தை, வடிகட்டி நீளத்தைத் துளையின் ஆரத்தால் வகுத்து வரும் எண்ணின் இயல் மடக்கையால் பெருக்குங்கள். அதை, வடிகட்டி நீளத்தின் இருமடங்கையும் அந்த நேரத்தையும் பெருக்கி வருவதால் வகுங்கள். ஆரம் 2.5 செ.மீ., வடிகட்டி 100 செ.மீ., துளையின் ஆரம் 5 செ.மீ., நேரம் 40 விநாடி என்றால் கடத்துதிறன் விநாடிக்கு 0.0023 செ.மீ. வரும், 864ஆல் பெருக்கினால் நாளுக்கு 2 மீட்டர். நுண்மணலுக்கு இது நியாயமான எண். வடிகட்டி நீளம் துளை ஆரத்தைப்போல் எட்டு மடங்குக்குமேல் இருந்தால்தான் இந்தச் சூத்திரம் பொருந்தும். இந்தச் சோதனை குழாயைச் சுற்றியுள்ள கொஞ்ச தூரத்தைத்தான் உணரும். அதனால் ஆறேழு குழாய்களில் செய்து, பெருக்குச் சராசரி எடுத்து, அதையும் தொடக்க மதிப்பாக மட்டும் கொள்ளுங்கள்.

தாவரம் குடிக்கும் அளவைக் கிணற்றிலேயே படித்தல்

மழையில்லாத நாட்களின் பதிவைப் பெரிதாக்கிப் பாருங்கள். காலையில் வெயில் ஏறியதும் கோடு சரியத் தொடங்கும், மாலையில் நிற்கும், இரவில் மெல்ல ஏறும். வேர்கள் இரவில் ஓய்ந்திருக்க, பக்கவாட்டிலிருந்து வரும் நீர் குழியை நிரப்புகிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் எஸ்கலான்டே பள்ளத்தாக்கை ஆராய்ந்த வால்டர் ஒயிட் 1932இல் இதிலிருந்தே ஒரு கணக்கை அமைத்தார். நள்ளிரவு முதல் அதிகாலை 4 மணி வரை மட்டம் ஏறும் வேகத்தை 24ஆல் பெருக்கி, அந்த நாளின் நிகர இறக்கத்தைக் கூட்டி, மொத்தத்தையும் மண்ணின் நீர் ஈவால் பெருக்கினால் அன்றைய ஆவியுயிர்ப்பு (தாவரமும் மண்ணும் ஆவியாக விடும் நீர்) கிடைக்கும். நீர் ஈவு என்பது மட்டம் ஒரு மீட்டர் இறங்கும்போது மண் உண்மையில் விடுவிக்கும் நீரின் பங்கு.

ஒரு எண்ணை வைத்துப் பார்ப்போம். நான்கு மணி நேரத்தில் ஏற்றம் 1 செ.மீ., அதாவது மணிக்கு 0.25 செ.மீ. அதை 24ஆல் பெருக்கினால் 6 செ.மீ. நாளின் நிகர இறக்கம் 0.8 செ.மீ. கூட்டினால் 6.8 செ.மீ. பாடநூல் அட்டவணையில் நுண்மணலின் நீர் ஈவு சுமார் 0.21. பெருக்கினால் நாளுக்கு 14 மி.மீ. வருகிறது. இது நடக்காத காரியம். ஒரு மி.மீ. நீரை ஆவியாக்கச் சதுர மீட்டருக்கு சுமார் 2.45 மெகாஜூல் வெப்பம் வேண்டும், 14 மி.மீ.க்கு 34 மெகாஜூலுக்கு மேல். தெளிந்த வானமுள்ள நாளில் தாவரப் பரப்புக்கு நிகரமாகக் கிடைப்பதே 15 மெகாஜூல் அளவில்தான், அதாவது 6 மி.மீ.க்குத்தான் போதும்.

தப்பு நீர் ஈவில் இருக்கிறது. அட்டவணை எண்கள், மண்ணை நாள்கணக்கில் வடியவிட்டு அளந்தவை. தரைக்கு அரை மீட்டர் அருகில் நீர்மட்டம் நிற்கும்போது, தந்துகி ஈரம், அதாவது மண்ணின் நுண்துளைகள் வழியே மேலேறும் ஈரம், கிட்டத்தட்ட மேற்பரப்பு வரை ஏறி நிற்கும். சில மணி நேரத்தில் விடுபடுவது அதில் சிறு பங்குதான். இதே உதாரணத்தில் நீர் ஈவு 0.08 என்று கொண்டால் 5.4 மி.மீ. வரும், வெப்பக் கணக்கோடும் ஒத்துப்போகும். உங்கள் இடத்துக்கான எண்ணை மழை நாட்களிலிருந்தே எடுக்கலாம். 12 மி.மீ. மழைக்கு மட்டம் 15 செ.மீ. ஏறியது என்றால், முழு மழையும் கீழே சேர்ந்தது என்று கொள்ளும்போது ஈவு 0.08. மண் ஏற்கெனவே நன்கு ஈரமாக இருந்த, இரவு நேர மழைகளை மட்டுமே இதற்கு எடுங்கள். வறண்ட மண் மழையில் ஒரு பகுதியை வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், கணக்கு ஊதிப்போகும். மட்டம் ஆழமாக இறங்கும் மாதங்களில் ஈவும் கூடும். ஆண்டு முழுவதற்கும் ஒரே எண்ணை வைத்து இழுக்காதீர்கள்.

மாடலுக்குள்

அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் 1984இல் வெளியிட்ட மாட்ஃப்ளோ என்னும் நிலத்தடி நீர் மென்பொருள் இன்றும் இந்தத் துறையின் பொது மொழி. 2017இல் வந்த ஆறாம் பதிப்பையே எடுங்கள். அதற்கான கோப்புகளைத் தயாரிக்க, பைத்தான் நிரல்மொழி தெரிந்தால் ஃப்ளோபை, தெரியாவிட்டால் மாடல்மியூஸ். மூன்றும் இலவசம். மாட்ஃப்ளோ உங்கள் அலகுகளைச் சரிபார்க்காது. கடத்துதிறனை நாளுக்கு மீட்டரிலும் இறைப்பை விநாடிக்குக் கனமீட்டரிலும் கொடுத்தால், எந்த முனகலும் இல்லாமல் ஓடி முடித்துத் தவறான விடையைத் தரும். மீட்டர், நாள் என்று தொடக்கத்திலேயே முடிவு செய்து எல்லாக் கோப்பிலும் அதையே வையுங்கள்.

எல்லைகளை இயற்கையான இடங்களில் போடுங்கள்: ஆறு, நீர்ப்பிரிமேடு, பாறை விளிம்பு. ஆய்வு நிலத்தின் வேலியோடு மாடலை நிறுத்தி, அங்கே நிலையான நீர்மட்டம் கொடுப்பது அடிக்கடி காணும் பிழை. அந்த எல்லை எவ்வளவு நீர் வேண்டுமானாலும் ஊற்றித் தரும். நீங்கள் கிணற்றை எவ்வளவு இறைத்தாலும் சதுப்பு காயாது. மாட்ஃப்ளோவில் ஆறு, ஓடை, ஆவியுயிர்ப்பு ஒவ்வொன்றையும் கணக்கிடும் தனிப் பகுதிக்குப் பொதியுறை என்று பெயர். ஆற்றுப் பொதியுறைக்கும் இதே குணம் உண்டு, காய்ந்த ஆற்றிலிருந்தும் நீர் கசியவிடும். கோடையில் வற்றும் ஓடை என்றால், ஓட்டத்தைக் கணக்கு வைக்கும் ஓடைப் பொதியுறையைத்தான் பயன்படுத்த வேண்டும்.

ஆவியுயிர்ப்புப் பொதியுறை மூன்று எண்களைக் கேட்கும்: உச்ச வேகம், அந்த வேகம் தொடங்கும் மேற்பரப்பின் உயரம், ஆவியுயிர்ப்பு நின்றுபோகும் ஆழம். மணலில் புல்லுக்கு அந்த ஆழம் சுமார் ஒன்றரை மீட்டர், மரங்களுக்கு இரண்டரை மீட்டர் என்று தொடங்கலாம். களிமண்ணில் தந்துகி ஏற்றத்தால் பல மீட்டர் போகும். மேற்பரப்பின் உயரத்தில்தான் கவனம் தேவை. நிறுத்த ஆழமே ஒன்றரை மீட்டராக இருக்கும்போது, செயற்கைக்கோள் உயர வரைபடத்தின் பல மீட்டர் பிழை எல்லாவற்றையும் அழித்துவிடும். அந்த வரைபடங்கள் காட்டில் மர உச்சியையே தரையாக எடுத்துக்கொள்வதும் உண்டு. லேசர் கதிரால் தரையை அளக்கும் லைடார் தரவு கிடைத்தால் அதைக் கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் சதுப்புப் பகுதியை மட்டுமாவது மட்டமானியால் அளந்து திருத்துங்கள். மாடல் நிலத்தைப் பிரித்துக் கணக்கிடும் கட்டத்தின் அளவும் அங்கே மட்டும் 10 மீட்டருக்குக் குறையட்டும், வெளியே 100 மீட்டர் போதும். நூறு மீட்டர் கட்டத்துக்குள் மேடும் பள்ளமும் சராசரியாகிவிட்டால், சதுப்பு என்று ஒன்று மாடலில் இருக்கவே இருக்காது.

இரட்டைக் கழிவையும் பாருங்கள். நீர்ச்செறிவைக் கணக்கிடும்போதே மழையிலிருந்து தாவரத் தேவை முழுவதையும் கழித்திருந்தால், அதன்மேல் ஆவியுயிர்ப்புப் பொதியுறையும் போடும்போது மரங்கள் இருமுறை குடிக்கின்றன. செறிவுக்கு ஒரு தனிச் சோதனை வேண்டுமென்றால் குளோரைடு சமநிலை எளியது: குளோரைடு மழையில் லிட்டருக்கு 2 மி.கி., நிலத்தடி நீரில் 40 மி.கி., அதாவது 20 மடங்கு, ஆண்டு மழை 800 மி.மீ. என்றால் நீர்ச்செறிவு 800ஐ 20ஆல் வகுத்த 40 மி.மீ. உரம், கழிவுநீர், உப்புப்படிவு கலக்கும் இடத்தில் இதை நம்பாதீர்கள். நீர்மட்டம் மிக மேலே நிற்கும் சதுப்புக்குள்ளும் இது பொருந்தாது, சுற்றியுள்ள மேட்டு நிலக் கிணறுகளில் செய்யுங்கள்.

அளவுத்திருத்தம்: மட்டம் மட்டும் போதாது

அளந்த எண்களோடு ஒத்துவரும்வரை மாடலின் மதிப்புகளை மாற்றுவதே அளவுத்திருத்தம். நீர்மட்டங்களை மட்டும் வைத்து நிலைத்த நிலை (காலத்தோடு மாறாத) மாடலைத் திருத்தினால், அது செறிவுக்கும் கடத்துதிறனுக்கும் உள்ள விகிதத்தைத்தான் கண்டுபிடிக்கும். ஆண்டுக்கு 100 மி.மீ. செறிவும் நாளுக்கு 2 மீட்டர் கடத்துதிறனும் தரும் அதே நீர்மட்டங்களை 200 மி.மீ.யும் 4 மீட்டரும் தரும். வரைபடத்தில் புள்ளிகள் கோட்டின்மேல் அழகாக உட்காரும். ஆனால் சதுப்புக்குள் வரும் நீரின் அளவு இரண்டிலும் இருமடங்கு வேறுபடும். பல அறிக்கைகளில் இந்த அழகான படம்தான் முகப்பில் இருக்கிறது.

இதை உடைக்க ஓட்ட அளவு ஒன்றாவது வேண்டும். மேலே ஒயிட் முறையில் எடுத்த தினசரி ஆவியுயிர்ப்பு அப்படிப்பட்ட ஒன்று. ஓடையின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் இடையே கூடும் நீர் இன்னொன்று. ஓடை அளவீட்டில் ஒரு எச்சரிக்கை: மேலே விநாடிக்கு 100 லிட்டர், கீழே 108 லிட்டர், ஒவ்வொன்றிலும் 5 சதவீதப் பிழை என்றால், 8 லிட்டர் என்ற விடையின் பிழையே 7 லிட்டரைத் தாண்டும். இடைவெளியை நீட்டி, ஓட்டம் மிகக் குறைந்த நாட்களில், நடுவில் சேரும் வாய்க்கால்களையும் அளந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்பும் நீர்க்கணக்குப் பட்டியலைத் திறந்து பாருங்கள். வரவு செலவு முரண்பாடு ஒரு சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பிழைகளின் வர்க்கச் சராசரியின் வர்க்கமூலம், அளந்த நீர்மட்டங்களின் மொத்த வீச்சில் பத்தில் ஒரு பங்குக்குள் வந்தால் போதும் என்பது பரவலான வழக்கம். ஈரநிலத்துக்கு அது தாராளம். வீச்சு 5 மீட்டர் என்றால் அரை மீட்டர் பிழை அனுமதி, சதுப்புச் செடிக்கோ அரை மீட்டர்தான் வாழ்வும் சாவும். சதுப்புக்குள் உள்ள குழாய்களுக்குத் தனியாக 10 செ.மீ. இலக்கு வையுங்கள். வறண்ட ஆண்டு ஒன்றைத் திருத்தத்துக்குப் பயன்படுத்தாமல் ஒதுக்கி, கடைசியில் சோதித்துப் பாருங்கள். ஒரே ஒரு 'சிறந்த' மாடலோடு நிற்காமல், பெஸ்ட் போன்ற அளவுத்திருத்த மென்பொருளால் தரவோடு ஒத்துப்போகும் பல நூறு மதிப்புக் கூட்டுகளை எடுத்து, எல்லாவற்றிலும் எதிர்காலத்தை ஓட்டி, விடையை ஒரு வீச்சாகச் சொல்லுங்கள்.

கேள்விக்குத் திரும்புதல்

சூழலியலாளருக்குச் சராசரி நீர்மட்டத்தைக் கொடுத்துப் பயனில்லை. வேர் ஆழத்துக்குக் கீழே மட்டம் தொடர்ந்து எத்தனை நாள் நிற்கிறது, தரைமேல் நீர் எத்தனை வாரம் தேங்குகிறது, அது எந்த மாதத்தில் தொடங்குகிறது என்ற மூன்றையும் ஒவ்வொரு கட்டத்துக்கும் எடுத்துக் கொடுங்கள். இறைப்பு உள்ள ஓட்டத்தையும் இல்லாத ஓட்டத்தையும் கழித்து வேறுபாட்டைப் பேசுங்கள். இரண்டிலும் பொதுவாக உள்ள பிழைகளில் ஒரு பகுதி அப்போது கழிந்துவிடும்.

இறைக்கும் நீர் எங்கிருந்து வருகிறது என்பதை நீரியலாளர் தைஸ் 1940இலேயே வகுத்துவிட்டார்: சேமிப்புக் குறைவு, செறிவு கூடுதல், வெளியேற்றம் குறைதல். சதுப்பும் மரமும் ஓடையும் அந்த மூன்றாவதில் இருக்கின்றன. எப்போது அது தொடங்கும் என்பதற்கு, மாடலை ஓட்டும் முன்பே ஒரு மதிப்பீடு எடுக்கலாம். ஓடைக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தின் வர்க்கத்தை நீர் ஈவால் பெருக்கி, கடத்துதிறனையும் படுகையின் தடிமனையும் பெருக்கியதால் வகுங்கள். தூரம் 500 மீட்டர், ஈவு 0.1, கடத்துதிறனும் தடிமனும் பெருக்கியது நாளுக்கு 250 சதுர மீட்டர் என்றால் 100 நாள். பொறியாளர் கிளோவர் 1954இல் தந்த தீர்வின்படி அந்த நூறாவது நாளில் கிணறு இறைப்பதில் சுமார் 48 சதவீதம் ஓடையிலிருந்து வந்துகொண்டிருக்கும். கிணற்றை 1,500 மீட்டருக்குத் தள்ளினால் அதே நிலை 900வது நாளில் வரும். தாமதம்தான், தப்பித்தல் இல்லை. மூன்று மாத இறைப்புச் சோதனையில் "பாதிப்பு எதுவும் தெரியவில்லை" என்று வந்தால், இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள். தூரக் கிணற்றை நிறுத்திய பிறகும் ஓடையின் இழப்பு சில காலம் கூடிக்கொண்டே போகும் என்பதால், எதிர்கால ஓட்டங்களை இறைப்பு முடியும் நாளோடு நிறுத்தாமல் குறைந்தது இன்னும் இரண்டு மடங்கு காலத்துக்கு நீட்டி வையுங்கள்.